சிங்கப்பூரிலிருந்து முதல் கப்பல் பயணம்: விசா முதல் தயிர்சாதம் வரை

சிங்கப்பூர் சுற்றுலாவோடு மூன்று நான்கு இரவு கப்பல் பயணத்தையும் சேர்த்துக்கொள்வது இப்போது சகஜமாகிவிட்டது. பினாங்கு, போர்ட் கிளாங், ஃபுக்கெட் என்று சுற்றிவிட்டு அதே துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். ஏஜென்ட் “எல்லாமே இதுக்குள்ள அடக்கம் சார்” என்பார். அந்த ‘எல்லாம்’ எதுவரை என்று தெரியாமல் ஏறுகிறவர்கள் இரண்டு வகையில் ஏமாறுகிறார்கள். கட்டணத்துக்குள் வராததற்குக் கடைசி நாள் பில்லில் அதிர்கிறார்கள். ஏற்கனவே காசு கட்டிவிட்ட நல்ல சாப்பாட்டை, தனியாகக் கேட்பார்களோ என்று பயந்து விட்டுவிடுகிறார்கள். இரண்டாவதுதான் எனக்கு அதிக வருத்தம்.

கப்பலும் அறையும்

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்களில் நம்மவர்கள் அதிகம் ஏறுவது இரண்டு வகை. ஒன்று ராயல் கரீபியனின் பெரிய கப்பல்கள். எந்தக் கப்பல் என்பது பருவத்துக்குப் பருவம் மாறும். இன்னொன்று ரிசார்ட்ஸ் வேர்ல்டின் ஜென்டிங் ட்ரீம். முன்னது அமெரிக்கப் பாணி, பின்னது ஆசியப் பயணிகளை மனத்தில் வைத்து நடப்பது. ஹலால், சைவம் கேட்பவர்களுக்கு அதில் சங்கடம் குறைவு. சிங்கப்பூர் வரை போக வேண்டாம் என்றால் இந்தியாவிலேயே கார்டிலியா கப்பல் இருக்கிறது. அது 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை போய் வந்தது. ஆனால் அதன் புறப்பாட்டு ஊர்களும் மாறிக்கொண்டே இருக்கும், அந்தந்த வருட அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

விளம்பரத்தில் போடும் விலை, ஒரு அறைக்கு இருவர் என்ற கணக்கில் ஒரு ஆளுக்கு. தனியாகப் போனால் கிட்டத்தட்ட இரண்டு பேர் கட்டணம் வரும். அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறையும், துறைமுக வரி குறையாது.

ஜன்னலே இல்லாத உள்ளறை, கடல் தெரியும் ஜன்னல் அறை, பால்கனி அறை என்று மூன்று படி. மூன்று இரவுக்கு உள்ளறையே போதும் என்பேன். அறையில் இருக்கும் நேரமே குறைவு, மிச்சமாகும் பணத்துக்கு வேறு நல்ல செலவு இருக்கிறது. மேல்தளம் ஏறி இறங்க முடியாத பெரியவர்கள் உடன் வந்தால் மட்டும் பால்கனி எடுங்கள், அவர்களுக்கு அதுதான் திண்ணை. வயிற்றைப் புரட்டும் உடம்பு என்றால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. சுமத்ராவுக்கும் மலேசியாவுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். இருந்தாலும் டாக்டரிடம் கேட்டு அவோமின் மாதிரி ஒரு மாத்திரை கையில் வைத்திருங்கள். குமட்டல் வந்த பிறகு போட்டால் பலன் குறைவு, முன்கூட்டியே போட வேண்டும்.

தாள்கள்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும். அதில் பல முறை நுழையும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். கப்பல் மலேசியாவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவது சிங்கப்பூருக்குள் இரண்டாவது நுழைவு. இதைக் கவனிக்காமல் ஏறப்போனால் முனையத்திலேயே நிறுத்திவிடுவார்கள். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும்.

சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் ஏதாவது கண்ணில் பட்டால் அது அரசுத் தளம் இல்லை. கப்பலில் திரும்பி வரும்போதும் ஒருமுறை நிரப்ப வேண்டியிருக்கும். மலேசியாவுக்கும் இதே மாதிரி டிஜிட்டல் அட்டை உண்டு, அதுவும் இலவசம். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களை 30 நாள் வரை விசா இல்லாமல் விடுகிறது. ஆனாலும் இந்தச் சலுகைகள் வரும், போகும். டிக்கெட் எடுக்கும் அன்றைக்கு அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

குடும்பத்தில் கர்ப்பிணி இருந்தால் பயணம் முடியும் நாளில் எத்தனை வாரம் ஆகியிருக்கும் என்று எண்ணுங்கள். பயணத்துக்குள் 24-வது வாரம் தொட்டுவிட்டால் ராயல் கரீபியன் ஏற்றாது, மற்ற நிறுவனங்களும் ஏறக்குறைய அப்படியே. கைக்குழந்தைக்குக் குறைந்தது ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும்.

அப்புறம் வங்கி அட்டை. கப்பலுக்குள் பணம் புழங்காது. அறைச் சாவியாக ஒரு அட்டை தருவார்கள், எல்லாச் செலவும் அதில் ஏறிக் கடைசியில் உங்கள் கிரெடிட் கார்டில் கழியும். இந்திய அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமாகத்தான் வங்கிச் செயலியில் திறந்துவிட வேண்டும், ஊரிலேயே செய்துவிடுங்கள். டெபிட் கார்டு கொடுத்தால் உத்தேசத் தொகையைப் பிடித்துவைத்துக்கொண்டு நாள்கணக்கில் விடுவிக்காமல் இருப்பார்கள், அதனால் கிரெடிட் கார்டே மேல்.

டிக்கெட் விலைக்கு மேலே என்ன ஏறும்

முதலில் டிப்ஸ். விருப்பப்பட்டால் கொடுப்பது என்று நினைக்காதீர்கள், தலைக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று தானாகவே கணக்கில் ஏறும். ராயல் கரீபியனில் 2023 நவம்பரில் சாதாரண அறைக்கு இது ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 18.50 அமெரிக்க டாலர் ஆனது. நான்கு பேர், நான்கு இரவு என்றால் 296 டாலர். குழந்தைக்கும் சேர்த்துத்தான். கவுன்டரில் சொல்லிக் குறைக்க வழி இருக்கிறது, ஆனால் அது சமையலறையிலும் அறைகளிலும் வேலை செய்கிறவர்களின் வருமானம். முன்கூட்டியே பட்ஜெட்டில் போட்டுவிடுவதுதான் மரியாதை.

அடுத்தது பானங்கள். தண்ணீர், சாதாரண டீ, காபி, காலையில் ஜூஸ் இலவசம். கோலா, பாட்டில் தண்ணீர், எஸ்பிரெசோ, மது எல்லாம் காசு, அதற்கு மேல் சேவைக் கட்டணமும் ஏறும். மது பேக்கேஜ் வாங்கினால் பெரும்பாலும் அறையிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் வாங்க வேண்டும் என்ற விதி இருக்கும். கணவர் குடிப்பார், மனைவி குடிக்க மாட்டார் என்றால் கணக்கு ஒருபோதும் கட்டுப்படியாகாது. பேக்கேஜ் இல்லாமல், வேண்டும்போது ஒவ்வொரு கோப்பையாக வாங்கிக்கொள்ளுங்கள்.

வைஃபை தனிக் கட்டணம். அதைவிட ஆபத்தானது வாங்காமலே ஏறும் செலவு. கரையை விட்டு விலகியதும் போன் தானாகவே கப்பலின் கடல் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். அது சாதாரண ரோமிங் பேக்கில் வராது, பில் தலையைச் சுற்றவைக்கும். கப்பல் நகரும் முன்பே ஏரோப்ளேன் மோடு போட்டுவிடுங்கள்.

சாப்பாடு

கப்பலில் சாப்பாட்டு இடங்கள் மூன்று வகை. மேல்தளத்தில் பஃபே, வெள்ளை விரிப்புப் போட்ட பிரதான உணவகம், தனிக் கட்டண உணவகங்கள். முதல் இரண்டும் டிக்கெட்டில் அடக்கம். நம்மவர்களில் பலர் மூன்று வேளையும் பஃபேயிலேயே முடித்துக்கொள்வதைப் பார்க்கலாம். கண்ணாடிக் கோப்பையும் கோட்டுப் போட்ட வெயிட்டரும் மிரட்டிவிடுகிறது போல. அந்த மேசையும் நீங்கள் காசு கட்டிய மேசைதான். தொடக்கம், பிரதான உணவு, இனிப்பு என்று மூன்று சுற்று வரும். அளவு சின்னதாக இருக்கும். பிடித்திருந்தால் இரண்டு தொடக்கம், இரண்டு பிரதான உணவு கேட்கலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், காசும் ஏறாது. மெனுவில் சிலவற்றுக்குப் பக்கத்தில் விலை அச்சிட்டிருக்கும், அது மட்டும் தனி.

புக் செய்யும்போதே இரவு உணவுக்கு நிலையான நேரமா, இஷ்டப்பட்ட நேரமா என்று கேட்பார்கள். இஷ்டப்பட்ட நேரம் என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சைவமோ, மாட்டிறைச்சி தொடாதவரோ, ஏதாவது ஒவ்வாமை உள்ளவரோ வீட்டில் இருந்தால் நிலையான நேரத்தையே எடுங்கள். தினமும் அதே மேசை, அதே வெயிட்டர். முதல் நாள் சொன்னதை மறுநாள் திரும்பச் சொல்ல வேண்டாம். முதல் பந்தி ஐந்தரை, ஆறு மணிக்கே தொடங்கிவிடும், இரண்டாவது எட்டு மணிவாக்கில். நம் வயிற்றுக்கு எட்டுதான் சரி. சின்னக் குழந்தைகள் இருந்தால் முதல் பந்தி, ராத்திரி பசித்தால் பீட்சா கவுன்டர் இருக்கவே இருக்கிறது.

சாப்பாட்டுக் கட்டுப்பாட்டைப் புக் செய்த கையோடு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள், அது கணினியில் எங்கேயோ கிடக்கும். காரியம் நடப்பது முதல் இரவு மேசையில்தான். உட்கார்ந்ததும் ஹெட் வெயிட்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

“நாங்கள் சைவம். முட்டை, மீன், கோழிச் சாறு எதுவும் வேண்டாம். பால், தயிர் சாப்பிடுவோம்.”

“சரி மேடம். இந்திய உணவு வேண்டுமா, மெனுவில் உள்ள சைவமே போதுமா?”

“இரண்டும் கலந்து. நாளைய மெனுவை இன்றைக்கே பார்க்க முடியுமா?”

இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். மறுநாள் மெனுவை முந்தின இரவே கொண்டுவந்து காட்டி, எதை மாற்றிச் சமைக்க வேண்டும் என்று குறித்துக்கொள்வது கப்பல் உணவகங்களில் பழைய வழக்கம். கேட்காதவர்களுக்குத்தான் தெரியாது. முந்தின நாளே சொல்லிவிட்டால் சமையலறை நிதானமாக ஒரு பருப்பு, ஒரு காய், சப்பாத்தி செய்து தரும். உட்கார்ந்த பிறகு கேட்டால் வேகவைத்த காய்கறித் தட்டுதான் வரும். கப்பல் ஊழியர்களில் கோவாக்காரர்களும் மலையாளிகளும் நிறைய. சில சமயம் மூன்று வார்த்தையிலேயே விஷயம் புரிந்துவிடும்.

‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் முட்டை உண்டு என்றே எடுத்துக்கொள்வார்கள். காய்கறி சூப்பிலேயே கோழி எலும்புச் சாறு இருக்கலாம். பஃபேயின் ஆசியக் கவுன்டரில் வதக்கிய கீரையில் சிப்பி சாஸ், நூடுல்ஸில் மீன் சாஸ், சம்பலில் பெலாச்சான் என்கிற இறால் விழுது. மூன்றும் கண்ணுக்குத் தெரியாது. மூஸ், பன்னகோட்டா மாதிரி தளதளப்பான இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கும், அது விலங்கிலிருந்து எடுப்பது. இலைக் குறி போட்ட அட்டையைப் பார்த்து எடுங்கள். கறித் தட்டிலிருந்த இடுக்கியைக் காய்த் தட்டில் யாராவது போட்டுவிட்டுப் போயிருந்தால் ஊழியரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். புரட்டாசி சனிக்கிழமை, ஏகாதசி என்று ஏதாவது குறுக்கே வந்தால் அதையும் ஹெட் வெயிட்டரிடமே சொல்லிவிடலாம். பழம், பால், கொட்டைப் பருப்புகளுக்குப் பஞ்சமே இல்லை.

பஃபேயின் இந்தியக் கவுன்டர் வடக்கத்திச் சுவை. பருப்பு, பனீர், நான், ஒரு புலாவ். சில கப்பல்களில் காலையில் இட்லி தலைகாட்டும், அதை நம்பிப் போகாதீர்கள். இரண்டாம் நாள் ராத்திரி வீட்டுப் பெரியவர் “கொஞ்சம் தயிர்சாதம் கிடைச்சா போதும்” என்பார். கிடைக்கும். பஃபேயில் வெள்ளைச் சாதம் உண்டு, ஆனால் உதிரி உதிரியாக இருக்கும். ஒரு கிண்ணத்தில் அதைப் போட்டு, டீக் கவுன்டரில் சூடான பால் கேட்டு வாங்கி ஊற்றி, ஸ்பூனின் முதுகால் நன்றாக மசியுங்கள். ஐந்து நிமிடம் ஊறட்டும். பிறகு இனிப்பில்லாத தயிர் இரண்டு கிண்ணம், மேசையிலிருக்கும் உப்பு. காலை உணவு நேரத்தில் தயிர் வெளியிலேயே வைத்திருப்பார்கள், இரவில் கேட்டால் உள்ளேயிருந்து எடுத்து வருவார்கள். எடுக்கும்போது லேபிளைப் பாருங்கள், வனிலா தயிரும் அதே மாதிரி வெள்ளையாகத்தான் இருக்கும்.

தனிக் கட்டண உணவகங்களில் ஸ்டேக், இத்தாலியன், ஜப்பானிய தெப்பன்யாகி என்று இருக்கும். ஏறிய முதல் நாளே சலுகை விலை சொல்லிக் கூப்பிடுவார்கள். மூன்று நான்கு இரவுப் பயணத்தில் ஒன்றுக்கு மேல் தேவையில்லை என்பது என் எண்ணம். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு ஸ்டேக் கடை வீண் செலவு. தெப்பன்யாகியில் கண்முன்னே சமைத்துத் தருவதால் பிள்ளைகளுக்கு வேடிக்கையாவது மிஞ்சும்.

ஒரு இரவு ‘ஃபார்மல் நைட்’ என்று இருக்கும். கோட்டு சூட்டு வாடகைக்கு எடுக்க வேண்டாம். பட்டுப்புடவை, சல்வார், குர்தா எல்லாம் தாராளமாகச் செல்லும், புடவை கட்டியவரைத்தான் புகைப்படக்காரர் முதலில் கூப்பிடுவார். அரைக்கால் சட்டையும் பனியனும்தான் பிரதான உணவகத்தில் இரவில் ஆகாது.

சாப்பிடப் போகும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வாசலில் ஜெல் வைத்திருப்பார்கள், ஆனால் கப்பல்களில் வாந்தி பேதியைப் பரப்பும் நோரோவைரஸுக்கு ஜெல் அவ்வளவாகக் கேட்காது.

பெட்டியில் என்ன, வெளியே என்ன

மின்கெட்டில், அயர்ன் பாக்ஸ், குட்டி ரைஸ் குக்கர், மூன்றையும் ஸ்கேனரில் பார்த்து எடுத்துவைத்துக்கொண்டு, இறங்கும்போதுதான் தருவார்கள். சர்ஜ் புரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியும் அப்படியே. கப்பலின் மின் அமைப்பு வீட்டுடையது மாதிரி கிடையாது, அதில் இந்தப் பெட்டிகள் சூடேறித் தீப்பிடிக்க வாய்ப்புண்டு. நடுக்கடலில் தீயைவிடப் பெரிய பயம் வேறு இல்லை. யூஎஸ்பி சார்ஜர் ஒன்று கொண்டுபோனால் போதும்.

புளியோதரை, சப்பாத்தி என்று வீட்டில் செய்ததைப் பொதுவாக ஏற்ற விட மாட்டார்கள். கடையில் வாங்கி, சீல் பிரிக்காத முறுக்கு, ஊறுகாய், பருப்புப்பொடி பாக்கெட்டுக்குப் பெரும்பாலும் தடையில்லை. உடனடி டீத்தூள் பொட்டலமும் வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் கிடைக்கும், நம்ம ஊர் டீ கிடைக்காது.

ஏறும் நாள்

விமானத்தை முந்தின நாளே பிடித்துச் சிங்கப்பூரில் ஒரு இரவு தங்குங்கள். அன்று காலை இறங்கி அன்று மதியம் ஏறலாம் என்ற கணக்கு, விமானம் நான்கு மணி நேரம் தாமதித்தால் மொத்தமாகக் கவிழும். கப்பல் காத்திருக்காது, பணமும் திரும்பாது. பெரும்பாலான கப்பல்கள் மெரினா பே குரூஸ் சென்டரிலிருந்து கிளம்பும். மெரினா சவுத் பியர் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கிப் போகலாம். ஹார்பர்ஃபிரன்டில் வேறொரு முனையம் இருக்கிறது, டாக்சியில் ஏறும் முன் டிக்கெட்டில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய பெட்டிகளை வாசலில் ஒப்படைத்தால் சாயங்காலம்தான் அறைக்கு வரும். மாத்திரை, கடவுச்சீட்டு, பிள்ளைகளின் நீச்சல் உடை கைப்பையில் இருக்கட்டும். ஏறியதும் எல்லோரும் பஃபேக்கு ஓடுவார்கள். அன்று மதியம் பிரதான உணவகமும் திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள், திறந்திருந்தால் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

கிளம்பும் முன் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். 2012 ஜனவரியில் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்றுதான் ஏறியிருந்த பயணிகள் பலருக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அப்போது 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று விதி. 2015 முதல் கிளம்பும் முன்போ, கிளம்பிய உடனேயோ நடத்த வேண்டும் என்று மாற்றினார்கள். ஏழு குட்டை ஒலி, ஒரு நீள ஒலி கேட்டால் உங்கள் கூடுமிடத்துக்குப் போக வேண்டும். அந்த இடத்தை ஒருமுறை கால்நடையாகவே போய்ப் பார்த்துவிடுங்கள்.

கரையில் இறங்கும் நாட்கள்

பினாங்குக்கு டூர் வாங்கத் தேவையில்லை. ஸ்வெட்டன்ஹாம் பியரில் இறங்கினால் ஜார்ஜ் டவுன் நடந்து போகும் தூரம். லிட்டில் இந்தியா, 1833-இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில் எல்லாம் பக்கத்திலேயே. வாழையிலைச் சாப்பாட்டுக்கு ஏங்கியவர்கள் இங்கே தீர்த்துக்கொள்ளலாம். அசைவர்கள் தமிழ் முஸ்லிம்கள் கொண்டுவந்த நாசி கண்டார் என்கிற குழம்புச் சோற்றை விட்டுவிட வேண்டாம், குழம்புகளைக் கலந்து ஊற்றச் சொல்லுங்கள்.

போர்ட் கிளாங்கை ‘கோலாலம்பூர்’ என்று விளம்பரத்தில் போடுவார்கள். நகரம் சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல், நெரிசலில் இன்னும் கூடும். இரட்டைக் கோபுரத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் கப்பல் நடத்தும் டூரிலேயே போங்கள், அது தாமதமானால் கப்பல் காத்திருக்கும். இல்லையென்றால் கிளாங் ஊரின் தெங்கு கெலானா சாலை லிட்டில் இந்தியா போதும்.

ஃபுக்கெட்டில் கப்பல் பல சமயம் பாத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு நிற்கும், சிறு படகில் கரைக்குப் போக வேண்டும். காலையில் வரிசை நீளும். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கரையில் உங்கள் போன் தானாக மாறிக்கொள்ளும், கப்பல் கடிகாரம் மாறாமலே இருக்கலாம். கப்பல் நேரம் காட்டும் ஒரு கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். கஞ்சா கலந்த மிட்டாய், எண்ணெய் எதையும் அங்கே வாங்கிவிடாதீர்கள். திரும்பி இறங்குவது சிங்கப்பூர், அங்கே அது மிகக் கடுமையான குற்றம். வேப் கருவியும் ஆகாது. கப்பலிலிருந்து பழமோ சாண்ட்விச்சோ பையில் போட்டுக் கரைக்கு எடுத்துப் போவதையும் தவிர்த்துவிடுங்கள்.

கடைசி இரவு

பெட்டிகளுக்கு நிறச் சீட்டுக் கட்டி இரவு பதினொரு மணிவாக்கில் அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடுத்தும் துணியையும் கடவுச்சீட்டையும் உள்ளே போட்டுப் பூட்டிவிட்டு அவதிப்படுகிறவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் இருப்பார்கள். பெட்டி சிறியதென்றால் நீங்களே இழுத்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கலாம்.

பில்லை அன்றிரவே டிவியிலோ செயலியிலோ பார்த்துவிடுங்கள். குடிக்காத பானம், போகாத உணவகம் ஏதாவது ஏறியிருந்தால் இரவில் கவுன்டரில் கூட்டம் குறைவு, காலையில் வரிசை வாசல் வரை நிற்கும். ரூபாயில் கழிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, கப்பலின் நாணயத்திலேயே கழிக்கச் சொல்லுங்கள். ரூபாய் மாற்றத்தில் அவர்கள் வைக்கும் விகிதம் நமக்கு நஷ்டம்.

காலை உணவு வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும். முனையத்தில் குடியேற்ற வரிசை, டாக்சி வரிசை, அப்புறம் சாங்கி விமான நிலையம் வரை ஓட்டம். ஊர் திரும்பும் விமானத்தை மதியம் இரண்டு மணிக்கு மேல் பார்த்துப் போடுங்கள்.